உறுதி உறுதிதானா?

வீட்டைக் கட்டிப்பார், கல்யாணத்தைப் பண்ணிப்பார் என்றனர் நம் முன்னோர். வீடு கட்டுவதற்கு முன்னே நிலம் வேண்டுமன்றோ? நிலம் வாங்கிப்பார் என்று அவர்கள் கூறாது சென்றதற்குக் காரணம், அக்காலத்தில் நிலம் பெரும்பாலும் தந்தையிடமிருந்து மைந்தனுக்கு வந்தமையே போலும். நம் காலத்திலோ நிலம் பணத்திற்கு வருகின்றது. பணத்திற்கு வரும் நிலத்துடன் சில வேளைகளில் வில்லங்கமும் சேர்ந்தே வருகின்றது.

மாத்தளை நகரைக் கடந்து, அலுவிகாரையையும் தாண்டி, கண்டி–யாழ்ப்பாண நெடுஞ்சாலையில் வடக்கு நோக்கிச் செல்வோர் பலாபத்வலையை அடைவர். மிளகும் கொக்கோவும் செழிக்கும் இப்பகுதியில் 10 பேர்ச்சஸ், 15 பேர்ச்சஸ் என நிலம் தேடும் குடும்பங்களிற் பல, தலைமுறை தலைமுறையாகத் தோட்டத்து லயங்களில் வாழ்ந்தவை. தந்தையின் சேமலாப நிதி, மகள் மத்திய கிழக்கிலிருந்து அனுப்பிய பணம், தாயின் கழுத்து நகை ஆகிய மூன்றும் சேர்ந்தே அந்தப் பத்துப் பேர்ச்சஸ் ஆகின்றன. தம் பெயரில் ஓர் உறுதியை அக்குடும்பம் காண்பது அதுவே முதன்முறை. அது பிழைத்தால் இரண்டாம் முறைக்குக் கையில் ஒன்றும் மிஞ்சாது. ஆதலின் உறுதி என்னும் பெயரையுடைய அக்காகிதம் உண்மையில் உறுதியானதுதானா என்று அறியும் வழியை ஈண்டு ஆராய்வோம்.

முதலில் அறியவேண்டியது ஒரு பழைய சட்டம். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடைக் கட்டளைச் சட்டத்தின்படி, காணியை விற்பதும் ஈடு வைப்பதும் எழுத்திலே அமைந்து, பிரசித்த நொத்தாரிசு ஒருவரும் இரண்டு சாட்சிகளும் ஒருங்கே இருக்கக் கையொப்பமிடப்படல் வேண்டும். விற்பதாகச் செய்துகொள்ளும் உடன்படிக்கைக்கும் இவ்விதியே பொருந்தும். சாதாரணத் தாளிலே முத்திரை ஒட்டி, “முற்பணம் பெற்றுக்கொண்டேன்” என்று எழுதி வாங்கியவர், கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அத்தாளைக் காட்டி “காணியை எழுதித் தா” என்று நீதிமன்றத்தில் வற்புறுத்த இயலாது. ஆகவே முற்பணம் கொடுக்கும் நாளே நொத்தாரிசிடம் செல்லவேண்டிய நாள்.

அந்த நொத்தாரிசு யாருடையவர்? முற்காலத்தில் பிறக்கிராசியார் என்று ஊரார் மதித்த பெரியவர்கள் இப்பணியைச் செய்தனர். 1973ஆம் ஆண்டின் நீதி நிருவாகச் சட்டத்தின் பின் அப்பெயர் மறைந்து, எல்லோரும் சட்டத்தரணிகள் ஆயினர். இன்று காணியைத் துண்டு பிரித்து விற்பவரே, “எமது நொத்தாரிசு இருக்கிறார், உங்களுக்கு அலைச்சல் வேண்டாம்” என்பதுண்டு. அலைச்சல் குறைவது உண்மையே. ஆயினும் விற்பவர் அழைத்துவந்தவரிடம் விற்பவரின் குறைகளை நாம் எங்ஙனம் வினவுவது? நமக்கென ஒருவரை நாமே அமர்த்திக் கட்டணம் செலுத்துதல் வீண் செலவன்று.

நொத்தாரிசு செய்யவேண்டிய தலையாய பணி தேடுதல். உறுதி எழுதுமுன் காணிப் பதிவகத்தின் ஏடுகளைப் பார்க்கும் கடமையை நொத்தாரிசுக் கட்டளைச் சட்டம் அவருக்கு விதித்துள்ளது. கட்சிக்காரர் தேடவேண்டாம் என்று கூறினால், ஏடுகள் பார்க்கப்படவில்லை என்பதை உறுதியிலேயே அவர் குறித்தல் வேண்டும். சில நூறு ரூபாவை மிச்சப்படுத்த எண்ணித் தேடுதலை விலக்குவோர், ஆழம் அறியாமல் ஆற்றில் இறங்குவோரே ஆவர். சென்ற 30 ஆண்டுகளுக்கேனும் காணி கைமாறி வந்த வழியைப் பார்ப்பது வழக்கம்.

மாத்தளைப் பகுதியிலே நிலம் வாங்குவோர் சிறப்பாகக் கவனிக்கவேண்டியவை நான்கு.

ஒன்று, பிரிபடாத பங்கு. மலையகக் கிராமங்களில் ஒரே காணியில் எட்டிலொன்று, பதினாறில் மூன்று எனப் பலருக்கு உரிமை இருப்பதுண்டு. அப்பங்கை வாங்குபவருக்கு முழுக் காணியிலும் ஒரு விகிதம் கிடைக்குமேயன்றி, வேலியடைத்த துண்டு கிடையாது. 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பிரிவிடற் சட்டத்தின் கீழ் வழக்குத் தொடுக்கப்பட்டு அது ஏட்டிற் பதியப்பட்டிருப்பின், வழக்கு முடியும்வரை எவரும் தம் பங்கைத் தாமாக விற்பது செல்லாது.

இரண்டு, நன்கொடை. கண்டியச் சட்டத்திற்கு உட்பட்ட ஒருவர் தம் மகனுக்கு நன்கொடையாக எழுதிய காணியைத் தம் வாழ்நாளிலே மீளப் பெறுவதற்கு 1938ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கச் சட்டம் இடமளிக்கின்றது. அவ்வுரிமையை அவர் உறுதியில் வெளிப்படையாகத் துறந்திருத்தல் போன்ற சில விலக்குகள் உண்டு. விற்பவர்க்குக் காணி நன்கொடையாக வந்திருந்தால், கொடுத்தவர் உயிருடன் உளரா, உரிமையைத் துறந்தாரா என்ற வினாக்களுக்கு விடை கண்டபின்பே பணத்தை எடுக்கவேண்டும்.

மூன்று, தோட்டக் காணி. 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியார் வைத்திருக்கக்கூடிய நிலத்தை 50 ஏக்கராகவும், வயலாயின் 25 ஏக்கராகவும் வரையறுத்தது; 1975இல் கம்பனித் தோட்டங்களும் அரசுடைமையாயின. பழைய தோட்டமொன்றின் துண்டை வாங்குவோர், அது காணிச் சீர்திருத்த ஆணைக்குழுவின் பிடியில் இல்லை என்பதற்கு எழுத்திலே சான்று கேட்டல் வேண்டும்.

நான்கு, அரசாங்கம் வழங்கிய காணி. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரமோ அளிப்போ பெற்றவர், அதனைத் தம் விருப்பப்படி பிறர்க்கு விற்றுவிட முடியாது. பிரதேச செயலகத்தில் விசாரித்து உரிய சம்மதத்தைப் பெறாமல் வாங்கினால், காசு போகும், காணி வராது.

கைப்பணம் போதாதவர் வங்கியை நாடுவர். 1931இல் தோன்றிய இலங்கை அரச ஈட்டு வங்கியின் வழிவந்த அரச ஈட்டு முதலீட்டு வங்கி முதலாகப் பல வங்கிகள் இதற்கெனக் கடன் வழங்குகின்றன. வங்கி தன் சட்டத்தரணியைக் கொண்டு காணியின் உரித்தை ஆராயும், மதிப்பீட்டாளரை அனுப்பும், இவற்றின் செலவு நம்மையே சாரும். அவ்வாராய்ச்சி வங்கியின் பணத்தைக் காப்பதற்கு என்பதை மறத்தலாகாது. எனினும் அதனால் நமக்கும் ஒரு நன்மை உண்டு. வங்கி ஒரு காணியை ஈடாக ஏற்க மறுத்தால், அதன் காரணத்தைக் கேட்டறியுங்கள். வேறு கடன்காரரைத் தேடி ஓடுவதற்குமுன் அக்காரணத்தை நம் நொத்தாரிசிடம் கூறுதல் வேண்டும்.

விற்பவரே தம் காணியை வங்கியில் ஈடு வைத்திருப்பதும் உண்டு. ஈடு ஆளைத் தொடராது, நிலத்தையே தொடரும். அந்நிலையில் கடன் மிகுதி எவ்வளவு என்பதை வங்கியிடமிருந்து எழுத்திலே பெற்று, அத்தொகையை விற்பவர் கையிற் கொடாது நேரே வங்கிக்குச் செலுத்தி, ஈட்டை நீக்கும் பத்திரமும் விற்பனை உறுதியும் ஒரே வேளையில் நிறைவேறச் செய்வதே முறை.

தனியாரிடம் கடன் வாங்குவோர் அஞ்சவேண்டியது வேறொன்று. “ஈடு எழுதுவதும் ஒன்றே, கிரயம் எழுதுவதும் ஒன்றே, பணத்தைத் தந்ததும் திருப்பி எழுதித் தருவேன்” என்று கூறிக் கையொப்பம் கேட்போர் உளர். இரண்டும் ஒன்றல்ல. ஈட்டிலே காணி நம்முடையதாகவே இருக்கும். கிரயத்திலே அது கைமாறிவிடும். மீட்டுக்கொள்ளும் நிபந்தனை எழுதப்பட்டிருந்தாலும் குறித்த தவணை கடந்தால் காணி கைநழுவும். நிபந்தனை வாய்மொழியாக மட்டும் இருந்தாலோ, முன்கூறிய 1840ஆம் ஆண்டுச் சட்டமே குறுக்கே நிற்கும். நம்பிக்கைப் பொறுப்பு என வாதாடி நீதி பெற்றோரும் உண்டு. ஆயின் அது நெடுவழக்கு. அதற்கும் பணம் வேண்டும்.

மாத்தளையில் உறுதிகள் பெரும்பாலும் சிங்களத்தில் எழுதப்படுகின்றன. படிக்க இயலாதவர் நாணவேண்டியதில்லை. தாய்மார்களே, “தமிழில் ஒருமுறை சொல்லுங்கள்” என்று கேளுங்கள். இது கிரயமா, ஈடா, நன்கொடையா? எல்லைகள் யாவை? எவ்வளவு நிலம்? விலை என்ன? இந்நான்கு வினாக்களுக்கும் விடை விளங்காதவரை பேனாவைத் தொடாதீர்கள்.

விலையைக் குறைத்தெழுதுமாறு தூண்டுவோருக்கும் இணங்கலாகாது. முத்திரைத் தீர்வை முதல் 1 இலட்சம் ரூபாவிற்கு நூற்றுக்கு 3 வீதமும், மிகுதிக்கு 4 வீதமும் ஆகும். 10 இலட்ச ரூபாக் காணிக்கு இது 39,000 ரூபா. இதிற் சிறிது மிச்சம் பிடிக்கப் போய், நாளை வழக்கென்று வந்தால், கொடுத்த பணத்திற்குச் சான்றில்லாமல் நிற்க நேரும்.

கையொப்பமிட்டதும் காரியம் முடிந்ததென்று எண்ணுவது பெரும் பிழை. நொத்தாரிசு மாதந்தோறும் இணைப்பிரதியைப் பதிவகத்திற்கு அனுப்புவது அவர் கடமை, அது பதிவன்று. மூல உறுதியைச் சமர்ப்பித்து ஏட்டில் ஏறச் செய்வதே பதிவு. ஒருவர் தம் காணியைச் சித்திரையில் ஒருவர்க்கும் வைகாசியில் இன்னொருவர்க்கும் விற்றார் என்று கொள்வோம். முன்னவர் உறுதியைப் பெட்டியிற் பூட்டி வைத்தார். பின்னவர் பணம் கொடுத்து வாங்கி உடனே பதிந்தார். மோசடியோ கூட்டுச்சதியோ இல்லையெனின், 1927ஆம் ஆண்டின் ஆவணங்கள் பதிவுக் கட்டளைச் சட்டம் பின்னவர் பக்கமே நிற்கும். பெட்டியிலுள்ள உறுதி வெறுங் காகிதமாகிவிடும்.

அயலவரை நம்புவதும் வாக்கை மதிப்பதும் நம் பண்பாடு. அவற்றைக் கைவிடுமாறு நாம் கூறவில்லை. நல்ல மனத்துடன் விற்பவரும் தம் காணியிலுள்ள பழைய வில்லங்கத்தை அறியாதிருத்தல் கூடும். ஏட்டைப் பார்த்தல் அவரைச் சந்தேகித்தலாகாது. லயத்து அறையில் பிறந்த பெற்றோர் தம் மக்களுக்கு விட்டுச்செல்லும் முதல் நிலத்தை எவரும் கேள்வி கேட்க முடியாதவாறு செய்தல் அவர்தம் கடமை. அதற்கு மாத்தளைப் பதிவகத்தின் வாயிலில் ஒருநாள் காத்திருக்க நேரினும், அது பயனுள்ள நாளே.