காலையில் 'செத்துக்கொண்டிருக்கும் ஊர்', மதியம் இரண்டு மணி நேர விருந்து... ரோமிலிருந்து ஒரு மலை உச்சி டூர்!

ரோமுக்குப் போகிறவர்கள் கொலோசியம், வாடிகன், ட்ரெவி நீரூற்று என மூன்று நாள்களை ஓட்டிவிட்டு, நான்காவது நாள் 'அடுத்து என்ன?' என்று யோசிப்பார்கள். அப்போது ஹோட்டல் ரிசப்ஷனில் ஒரு நோட்டீஸ் கண்ணில் படும். மலை உச்சி ஊர்கள், பாரம்பரிய இத்தாலிய மதிய உணவு, ஒருநாள் பஸ் பயணம். அதன் அட்டையில், பள்ளத்தாக்கின் நடுவே தனியாக நிற்கும் ஒரு பாறையின் தலையில் ஒரு ஊரே உட்கார்ந்திருக்கும்.

அந்த ஊர்தான் சிவிதா தி பான்யோரேஜோ. வாயில் நுழையாது, சுருக்கமா சிவிதான்னே வெச்சுப்போம். நானும் அந்தப் படத்தில் மயங்கித்தான் டிக்கெட் எடுத்தேன்.

ரோமிலிருந்து வடக்கே சுமார் 120 கிலோமீட்டர். காலை ஏழரைக்குக் கிளம்பினால் பத்து மணிக்குள் போய்விடலாம். பஸ் ஊருக்குள் போகாது. பஸ் மட்டுமில்லை, காரும் போகாது. எதிர்மலையில் இறக்கிவிடுவார்கள். அங்கிருந்து சுமார் 300 மீட்டர் நீளத்துக்கு ஒரு நடைபாலம். முதல் பாதி சமமாக இருக்கும், கடைசிப் பகுதி மூச்சு வாங்க வைக்கும் ஏற்றம். எங்கள் குழுவில் இருந்த ஒரு வயதான அம்மா பாதியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். 'லேசான நடை' என்று நோட்டீஸில் போட்டிருந்ததை அவர் கணவர் திரும்பத் திரும்பப் படித்துக்காட்டிக்கொண்டே வந்தார். முழங்கால் வலி இருக்கும் அப்பா அம்மாவைக் கூட்டிப்போகிறீர்கள் என்றால், இதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, இவ்வளவு கஷ்டப்பட்டு மலை உச்சியில் ஏன் ஊர் கட்டினார்கள்?

2,500 ஆண்டுகளுக்கு முன்பு இங்கே வாழ்ந்த எட்ருஸ்கன் மக்களுக்கு முதல் காரணம் பாதுகாப்பு. எதிரி எந்தப் பக்கம் வந்தாலும் மேலிருந்தே தெரிந்துவிடும். இரண்டாவது காரணம் பாறை. எரிமலைச் சாம்பல் இறுகி உருவான அதற்கு டூஃபா என்று பெயர். சாதாரண உளியால் செதுக்கலாம். வீடு கட்டக் கல்லும் அதுதான், வீட்டுக்கடியில் ஒயின் வைக்கக் குடையும் குகையும் அதுதான்.

சிக்கல், டூஃபாவுக்குக் கீழே இருக்கும் களிமண்ணில். மழையும் அடிவாரத்து ஓடைகளும் அந்தக் களிமண்ணைக் கரைத்துக்கொண்டே இருக்கின்றன. கீழே பிடிமானம் போனதும் மேலே இருக்கும் பாறை விரிசல்விட்டு, விளிம்பிலிருந்து துண்டு துண்டாக விழுகிறது. 1695-ம் ஆண்டு வந்த நிலநடுக்கத்துக்குப் பிறகு, மக்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்தில் இருக்கும் பான்யோரேஜோவுக்குக் குடிபெயர்ந்தார்கள். புனித பொனவெந்தூரா பிறந்த வீடு இங்கேதான் இருந்தது. அது எப்போதோ பள்ளத்தில் விழுந்துவிட்டது. சிவிதாவை இத்தாலியர்கள் 'செத்துக்கொண்டிருக்கும் ஊர்' என்றே சொல்கிறார்கள். இன்று நிரந்தரமாக வசிப்பவர்கள் இருபது பேர்கூட இல்லை.

ஆனா, ஊர் சாகலை. 2013-ல் நகராட்சி ஒரு காரியம் செய்தது. பாலத்தைக் கடக்க ஒன்றரை யூரோ கட்டணம் வைத்தார்கள். ஊருக்குள் போகவே டிக்கெட்டா என்று கேலி செய்தவர்கள் உண்டு. பிறகு அது 5 யூரோ ஆனது. கூட்டம் குறையவில்லை, கூடியது. அந்த வருமானத்தில் பான்யோரேஜோ மக்களுக்கு நகராட்சி வரிகளையே நீக்கினார்கள். உள்ளே போனால் ஒரு சதுக்கம், ஒரு தேவாலயம், பூந்தொட்டிகள், வெயில் காயும் பூனைகள். அவ்ளோதான், ஒரு மணி நேரம் போதும். பழைய எண்ணெய்ச் செக்கு இருந்த குகையில் தணலில் சுட்ட ரொட்டியில் பூண்டு தேய்த்து, பச்சை நிற ஆலிவ் எண்ணெய் ஊற்றித் தருகிறார்கள். ப்ருஸ்கெட்டா. கண்டிப்பா சாப்பிடுங்க, ஆனா ஒண்ணோட நிறுத்திக்குங்க. மதியம் வேலை இருக்கிறது.

அங்கிருந்து அரை மணி நேரத்தில் ஓர்வியேத்தோ. இதுவும் டூஃபா பாறை மேல்தான். ஆனால், இது பெரிய ஊர். இங்கேதான் சாப்பாடு.

இந்தச் சாப்பாட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். குழுவில் பாதிப் பேர், 'சாப்பிட இரண்டு மணி நேரமா? அதில் இன்னொரு ஊர் பார்க்கலாமே' என்று முணுமுணுத்தார்கள். நானும்தான். சாப்பிட்டு எழுந்தபோது அந்த எண்ணம் போய்விட்டது. சாப்பாட்டை ஒரு மணி நேரமாகச் சுருக்கி மூன்றாவது ஊரைச் சேர்க்கும் டூர்களை எடுக்காதீர்கள் என்பதே என் கட்சி.

இத்தாலிய விருந்தில் எல்லாம் ஒரே தட்டில் வராது. முதலில் ஆந்திபாஸ்தோ எனும் தொடக்கம். பிறகு ப்ரீமோ, அதாவது பாஸ்தா அல்லது சூப். அதன் பிறகுதான் செகொந்தோ, கறியோ மீனோ. காய்கறி தனித் தட்டில் வரும். கடைசியில் இனிப்பு, அப்புறம் குட்டிக் கப்பில் காபி. பாஸ்தாவோடு முடிந்தது என்று நினைத்து இரண்டாவது முறை வாங்கிச் சாப்பிட்டவர்கள் செகொந்தோ வந்ததும் முழிப்பதைப் பார்க்கலாம்.

எங்களுக்கு வந்த பாஸ்தா உம்ப்ரிகெல்லி. முட்டை கிடையாது, மாவும் தண்ணீரும் மட்டும். கையால் உருட்டுவதால் தடிமனாக, ஒழுங்கில்லாமல் இருக்கும். உள்ளூர்ப் பேச்சில் மண்புழுவைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர் என்று கைடு சொன்னதும் ஒரு பெண் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். முட்டை வாங்க வசதியில்லாத வீடுகளின் சமையல் இது. தக்காளியும் மிளகாயும் போட்ட காரமான சாஸ் நம் நாக்குக்கு அந்நியமாகவே தெரியாது.

ரொட்டியில் உப்பு இருக்காது. மறந்துவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள், ஊர் வழக்கமே அப்படி. 1540-ல் போப் மூன்றாம் பால் போட்ட உப்பு வரியை எதிர்த்து உப்பையே கைவிட்டதாக இந்தப் பகுதியில் ஒரு கதை சொல்வார்கள். தட்டில் மிச்சமிருக்கும் சாஸை அந்த ரொட்டியால் வழித்துச் சாப்பிட்டால்தான் அதன் அருமை புரியும்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு முக்கியமான விஷயம். 'வெஜிடேரியன்' என்று சொன்னால் கறி இல்லாமல் தருவார்கள், ஆனால் மேலே சீஸ் தூவித்தான் வரும். பார்மிஜானோ சீஸில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட் சேர்க்கப்படுகிறது, பெகோரினோ ரோமானோவில் ஆட்டுக்குட்டியுடையது. கண்டிப்பான சைவம் என்றால், டூர் பதிவு செய்யும்போதே 'சீஸும் வேண்டாம்' என்று எழுதிக்கொடுங்கள். மேஜையில் உட்கார்ந்த பிறகு சொன்னால் குழுச் சமையலில் மாற்றுவது கஷ்டம். பில்லில் 'கோபெர்தோ' என்று ஒரு தொகை இருந்தால் பயப்பட வேண்டாம். மேஜைக்கும் ரொட்டிக்குமான கட்டணம் அது. டூரில் அது சேர்ந்திருக்கிறதா, ஒயினும் தண்ணீரும் சேர்ந்திருக்கின்றனவா என்பதை மட்டும் முன்பே கேளுங்கள்.

சாப்பிட்ட கனத்தோடு அடுத்து இறங்க வேண்டியது ஒரு கிணற்றுக்குள்! 1527-ல் படைகள் ரோமைச் சூறையாடியபோது போப் ஏழாம் கிளமெண்ட் தப்பி வந்தது ஓர்வியேத்தோவுக்குத்தான். மலை உச்சி பாதுகாப்பானது. ஆனால், முற்றுகை வந்தால் தண்ணீருக்கு எங்கே போவது? அந்தப் பயத்தில் வெட்டச் சொன்னதுதான் புனித பேட்ரிக் கிணறு. 50 மீட்டருக்கும் அதிகமான ஆழம், 1537-ல் முடிந்தது. கட்டடக் கலைஞர் இளைய அந்தோனியோ தா சங்கல்லோ, சுவரைச் சுற்றி ஒன்றுக்கொன்று குறுக்கிடாத இரண்டு சுருள் பாதைகளை அமைத்தார். ஒன்றில் கழுதை காலிக் குடத்தோடு இறங்கும், இன்னொன்றில் நிரம்பிய குடத்தோடு ஏறும். நடுவழியில் முட்டிக்கொள்ளாது. 248 படிகள் இறங்கி, கீழே குட்டிப் பாலத்தைக் கடந்து, இன்னொரு 248 படிகள் ஏற வேண்டும். பாலத்தில் நின்ற அந்த அம்மா இதற்கு வரவே இல்லை. மேலே கடையில் ஐஸ்க்ரீம் சாப்பிட்டார். அதுதான் புத்திசாலித்தனம்.

கடைசியாக, 1290-ல் கட்டத் தொடங்கிய தேவாலயம். பக்கச் சுவர்கள் முழுக்கக் கறுப்பு வெள்ளைக் கோடுகள், முகப்பில் தங்க நிற மொசைக். காலையில் வந்திருந்தால் சாதாரணமாகத்தான் தெரிந்திருக்கும். சாயங்கால வெயில் நேராக அந்த முகப்பில் விழுந்தபோது, வாசல் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் போனை எடுத்தார்கள்.

ஐந்தரைக்கு பஸ். ரோம் வந்து சேர எட்டு மணி ஆனது. அன்று இரவு எங்கள் குழுவில் யாரும் சாப்பிட்டதாகத் தெரியவில்லை.