கையை விட்டிறங்காத கயிற்றுருவங்கள்

நூலோடு வாழும் நமக்கு நூல் விளையாட்டு புதிதன்று. நான்கு முழக் கயிற்றின் இரு முனைகளையும் முடிந்து விரல்களில் மாட்டி, எடுத்தும் நழுவவிட்டும் உருவம் அமைப்பதே அவ்விளையாட்டு. ஆஸ்திரேலிய மானிடவியல் அறிஞர் பிரெடரிக் மெக்கார்த்தி இதனை ஆராய்ச்சிக்குரிய கலையாக மதித்துத் தொகுத்தார்.

1948-இல் அமெரிக்க-ஆஸ்திரேலிய அறிவியல் குழுவொன்று வட ஆஸ்திரேலியாவின் ஆர்னம் லாந்துக்குச் சென்றது. சிட்னியிலுள்ள ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்திலிருந்து அக்குழுவில் சேர்ந்த மெக்கார்த்தி, இர்க்கலா என்னும் கடற்கரைக் குடியிருப்பில் யோல்ங்கு மக்களிடம் இவ்வுருவங்களைச் சேகரித்தார். ஙர்ராவு முனுங்குர் என்னும் இளம்பெண்ணே அவருக்கு அவற்றைச் செய்து காட்டியவர். ஒன்றா, பத்தா? 190-க்கும் மேற்பட்டவை! ஏட்டில் எழுதி வைத்தவையல்ல. எல்லாம் விரல் நினைவு.

ஆனால் ஓர் இடர். தறியிலிருந்து அறுத்தெடுத்த பின்னும் துணி துணியே. கயிற்றுருவமோ கையை விட்டிறங்கினால் வெறுங்கயிறு. ஆகவே உருவங்களைக் குலையாமல் விரல்களினின்று கழற்றி, கெட்டி அட்டைகளிற் பொருத்தி வைத்தனர். அவை இன்றும் சிட்னியில் உள்ளன.

அட்டை உருவத்தைக் காட்டும்; செய்முறையைக் காட்டாது. துணியைப் பார்த்த மாத்திரத்தில் விழுதுக் கணக்கு முழுவதும் விளங்கிவிடுமா? செய்முறையை எழுதும் வழியை ஹாடன், ரிவர்ஸ் என்னும் ஆங்கில அறிஞர் இருவர் முன்னரே வகுத்திருந்தனர். 1898-இல் டாரஸ் நீரிணைத் தீவுகளுக்குச் சென்ற அவர்கள், 1902-இல் அம்முறையை வெளியிட்டனர். ஒவ்வொரு கண்ணிக்கும் அது மாட்டியுள்ள விரலே பெயர். கண்ணியின் இரு இழைகளுள் ஒன்று பெருவிரற் பக்கம், மற்றது சிறுவிரற் பக்கம். உள்ளங்கையில் கிடப்பது ஒன்று, புறங்கையில் கிடப்பது வேறு. 'வலச் சுட்டுவிரலால் இட உள்ளங்கை இழையை எடு' என்று எழுதிவிட்டால், செய்தவரைக் காணாதவரும் செய்யலாம். இச்சொற்களை உடற்கூற்று நூலிலிருந்தே எடுத்தனர் என்பது சுவையான செய்தி.

இர்க்கலா உருவங்களைப் பற்றிய மெக்கார்த்தியின் நூற்பகுதி 1960-இல் வெளிவந்தது. அவர் உழைப்பு பெரிது, ஐயமில்லை. எனினும் தொகுத்தவர் பெயராலேயே தொகுப்பு வழங்குவது எனக்கு நிறைவளிக்கவில்லை. விரல்கள் அப்பெண்ணுடையவை அல்லவா?

நம் சங்கங்களில் கூலிப் பதிவேட்டில் நெசவாளர் பெயர் இருக்கிறது. புதுக் கரை வகுத்தவர் பெயருக்கு மாதிரிப் புத்தகத்தில் ஒரு பத்தி கோடிடச் செலவொன்றுமில்லை. அடுத்த முறை சங்கங்களைப் பார்வையிட வரும்போது அப்பத்தியையும் கேட்பதாக இருக்கிறேன்.