எட்டு முழ எண்ணுக்கு ஒரு மடிப்பு

2024 அக்டோபரில் ஒரு புதிய பகா எண் அறிவிக்கப்பட்டது. அதற்கு 4 கோடியே 10 லட்சத்து 24 ஆயிரத்து 320 இலக்கங்கள். அதுவரை அறிந்தவற்றில் அதுவே மிகப் பெரியது. 2ஐ 13,62,79,841 முறை பெருக்கி, ஒன்றைக் கழித்தால் அந்த எண் வரும். கண்டுபிடித்தவர் அமெரிக்காவின் லூக் டியூரண்ட்.

பெரிய பகா எண் என்றதும் வங்கிக் கணக்கின் பாதுகாப்பு பலருக்கு நினைவுக்கு வரும். இந்த எண்ணால் அங்கே ஒரு பயனும் இல்லை. ஆர்.எஸ்.ஏ. என்ற மறைகுறியாக்கப் பூட்டுக்குச் சுமார் 300 இலக்கம் கொண்ட இரண்டு பகா எண்கள் போதும், அவை ரகசியமாகவும் இருக்க வேண்டும். ஊரறிந்த எண் சாவியாகாது.

உண்மையான வியப்பு, இது பகா எண்தான் என்று சரிபார்த்த விதத்தில் இருக்கிறது. 4இல் தொடங்க வேண்டும். அதை வர்க்கப்படுத்தி, 2ஐக் கழித்து, சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை எடுக்க வேண்டும். மீதியை வைத்து மறுபடியும் அதையே செய்ய வேண்டும். அடுக்கைவிட, அதாவது 2ஐப் பெருக்கிய எண்ணிக்கையைவிட, இரண்டு குறைவான சுற்றுகள் முடியும்போது சுழி வந்தால் அது பகா எண், வராவிட்டால் இல்லை. 31ஐ (ஐந்து இரண்டுகளின் பெருக்கலில் ஒன்று குறைவு) எடுத்துக்கொள்வோம். 4, 14, பிறகு 194. அதன் மீதி 8. எட்டின் வர்க்கத்தில் இரண்டைக் கழித்தால் 62, மீதி சுழி. மூன்றே சுற்று.

கோடிக்கணக்கான இலக்கங்களை ஒவ்வொரு சுற்றிலும் வகுப்பது எப்படி? வகுக்கவே வேண்டாம்! இரும முறையில் 194 என்பது 11000010. வலப்பக்கம் ஐந்து இலக்கங்களை வெட்டினால் 00010, அதாவது 2. மிஞ்சியது 110, அதாவது 6. கூட்டினால் 8, அதே மீதி. 32ஐ 31ஆல் வகுத்தால் மீதி ஒன்று என்பதால், வெட்டுக்கு மேலே உள்ளதை அப்படியே கீழே இறக்கிக் கூட்டலாம்.

எட்டு முழ வேட்டியை நடுவில் மடித்து நாலு முழமாகக் கட்டுவதுதான் இது. வர்க்கம் எண்ணை எட்டு முழமாக நீட்டும், மடிப்பு அதை நாலு முழத்துக்குக் கொண்டுவரும். மடித்த பிறகு நுனியில் ஒரு 1 நீட்டிக்கொண்டிருந்தால் அதையும் கடைசி இலக்கத்தில் செருகிவிடலாம். 13 கோடித் தடவைக்கு மேல் நீட்டி மடித்தாலும் வேட்டி ஒரு விரற்கடை நீளாது. ஆனால் எங்கோ ஓர் இழை பிசகினால் மொத்தமும் வீண்.

அதனால்தான் ஒரு கணினியின் சொல்லை யாரும் நம்பவில்லை. டப்ளினில் இருந்த ஒரு கிராஃபிக்ஸ் சிப் வேறொரு சோதனையில் முதல் தடயத்தைக் கொடுத்தது. டெக்சாஸின் சான் அன்டோனியோவில் இன்னொரு சிப் மேலே சொன்ன சோதனையை ஓட்டி அதை ஆமோதித்தது. அதன் பிறகும் வெவ்வேறு வன்பொருளிலும் மென்பொருளிலும் அதே சோதனையை மறுபடி ஓட்டி உறுதிசெய்தார்கள்.

வரலாறு சுருக்கமாக: மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி 1644இல் இப்படிப் பகா எண் தரும் அடுக்குகளின் பட்டியல் ஒன்றை வெளியிட்டார். 67, 257 இரண்டும் அதில் தவறு; 61, 89, 107 மூன்றும் விடுபட்டவை. மேலே சொன்ன சோதனைக்கு வித்திட்ட கணிதவியலர் லூக்கா 1876இல் 39 இலக்க எண் ஒன்றைப் பகா எண் என்று நிறுவினார். 1930களில் லேமர் என்ற கணிதவியலர் அந்தச் சோதனைக்கு இன்றைய எளிய வடிவம் தந்தார்.

புதிய எண்ணை 52ஆவது மெர்சென் பகா எண் (இரண்டின் அடுக்கில் ஒன்று குறைவான பகா எண்) என்பதிலும் கவனம் தேவை. கிடைத்தவற்றில் அது 52ஆவது, அவ்வளவே. அறிவிப்பு வந்தபோது அதற்குக் கீழேயுள்ள அடுக்குகள் எல்லாம் இரண்டாம் முறை சரிபார்க்கப்பட்டிருக்கவில்லை. நடுவில் ஒன்று தவறியிருந்தால் வரிசை எண் மாறிவிடும்.