ஆட்-ஆனுக்கும் மராமத்து உண்டு

கட்டற்ற மென்பொருள் – தொடர் 9

அஞ்சுகிராமத்திலிருந்து நாகர்கோவிலுக்குத் தினமும் பஸ் ஏறி அலுவலகம் போகும் பார்வையற்ற ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவருடைய கணினித் திரையை வாசித்துச் சொல்வது என்விடிஏ. மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற ஆஸ்திரேலியர் 2006-இல் எழுதத் தொடங்கிய மென்பொருள் அது. காசு கிடையாது, தமிழும் வாசிக்கும். ஆனால் அலுவலக மென்பொருளில் சில பொத்தான்களுக்குப் பெயரே வைத்திருக்க மாட்டார்கள். அங்கே வந்தால் என்விடிஏ 'பொத்தான்' என்று மட்டும் சொல்லும். எதற்கான பொத்தான் என்று தெரியாது. இந்த மாதிரி நேரத்தில் 'கோல்டன் கர்ஸர்' என்ற ஆட்-ஆன், அதாவது என்விடிஏவோடு சேர்த்துக்கொள்ளும் துணை நிரல், கைகொடுக்கும். மவுஸ் நிற்கவேண்டிய இடத்தை ஒருமுறை பெயரிட்டுச் சேமித்துவிட்டால் போதும், பிறகு விசைப்பலகையிலிருந்தே அங்கே போய்விடலாம்.

என்விடிஏவின் புதிய பதிப்பை நிறுவும்போதுதான் சிக்கல். பொருந்தாத ஆட்-ஆன்கள் செயலிழக்கும் என்று ஓர் எச்சரிக்கை வரும். புரிந்தது என்று டிக் அடித்தால்தான் மேலே போகமுடியும். டிக் அடித்தவர் மறுநாள் அலுவலகத்தில் தவிப்பார்.

ஒவ்வோர் ஆட்-ஆனுக்குள்ளும் மேனிஃபெஸ்ட் என்ற சிறு கோப்பு உண்டு. குறைந்தபட்சம் எந்தப் பதிப்பு வேண்டும் என்று ஒரு வரி, கடைசியாக எந்தப் பதிப்பில் சோதித்தார்கள் என்று இன்னொரு வரி. என்விடிஏ தன் உள்கட்டமைப்பை வழக்கமாக ஆண்டின் முதல் வெளியீட்டில் மாற்றிக்கொள்ளும். சோதித்த பதிப்பு அதற்கு முந்தியதாக இருந்தால் ஆட்-ஆன் முடக்கப்படும். பல சமயம் அந்த ஓர் எண்ணை மாற்றினாலே போதும். ஆனால் சோதித்துப் பார்க்காமல் மாற்றினால் அந்த வரிக்கு அர்த்தமே இல்லை. 2020 பிப்ரவரியில் வந்த 2019.3 பதிப்பு பைத்தான் 2 என்ற நிரல்மொழியை விட்டுப் பைத்தான் 3-க்கு மாறியபோது எண்ணை மாற்றுவது போதவில்லை. நிரலையே திருத்தவேண்டி வந்தது.

பேச்சிப்பாறை அணையில் தண்ணீர் திறக்குமுன் சானலைத் தூர்வாருவது போல, இப்படிச் சோதித்துத் திருத்துவது ஆண்டுதோறும் செய்யவேண்டிய வேலை. ஆட்-ஆனைப் படைத்தவரைப் பாராட்டுகிறோம். இந்த வேலையைச் செய்கிறவரை யாரும் கவனிப்பதில்லை. பெரும்பாலும் ஒற்றை ஆள், சொந்த நேரம், சம்பளம் இல்லை. அவருக்கு உடம்புக்கு முடியாமல் போகலாம், வேலை மாறலாம். கட்டற்ற உரிமம் இருந்தால் இன்னொருவர் எடுத்து நடத்தலாம். கோல்டன் கர்ஸரின் ஆசிரியர் பட்டியலில் சாலா அத்தாயிர், ஜோசப் லீ என்று இரண்டு பெயர்கள் இருப்பதை நான் மரியாதையோடு பார்க்கிறேன்.

யாரிடம் ஒப்படைக்கிறோம் என்பதும் முக்கியம். இணையதளம் அமைக்க உதவும் வேர்ட்பிரஸில் 'டிஸ்ப்ளே விட்ஜெட்ஸ்' என்று ஆட்-ஆன் போன்ற ஒரு பிளக்இன் இருந்தது. ஏறக்குறைய 2 லட்சம் தளங்கள் அதைப் பயன்படுத்தின. எழுதியவர் அதை விற்றார். வாங்கியவர்கள் அதில் திருட்டுக் கதவு வைத்தார்கள். 2017 செப்டம்பரில் வேர்ட்பிரஸ் அதை நீக்கியது.

நிரல் எழுதத் தெரியாதவர்களும் உதவலாம். கோளாறு வந்தால் என்விடிஏவை மூடுங்கள். அப்போது, ஆட்-ஆன்களை முடக்கி மறுதொடக்கம் செய் என்று ஒரு தேர்வு வரும். அப்படித் தொடங்கிய பிறகு கோளாறு மறைந்தால் குற்றவாளி ஏதோ ஓர் ஆட்-ஆன்தான். ஒவ்வொன்றாக இயக்கிப் பார்த்துக் கண்டுபிடித்து, பதிப்பு எண்ணையும் பதிவுக் கோப்பையும் சேர்த்து அதன் ஆசிரியருக்கு அனுப்புங்கள். 'வேலை செய்யவில்லை' என்று மட்டும் எழுதினால் அவரால் ஒன்றும் செய்யமுடியாது.

நம் பக்கத்துப் பொறியியல் கல்லூரிகளில் இறுதியாண்டு மாணவர்கள் புராஜெக்ட் என்று நூலக மேலாண்மை மென்பொருளையே திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். அதற்குப் பதில் ஒரு குழு ஓர் ஆட்-ஆனை எடுத்துக்கொள்ளட்டும். என்விடிஏ புதிய பதிப்பின் பீட்டா (சோதனை வெளியீடு) வந்ததும், அந்த ஆட்-ஆனை அன்றாடம் பயன்படுத்தும் பார்வையற்றவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சோதிக்கட்டும். திருத்தத்தை மூல ஆசிரியருக்கே அனுப்பட்டும். அவர்கள் படிப்பு முடிந்து போகுமுன் அடுத்த ஆண்டு மாணவர்களில் இரண்டு பேருக்கு அந்த வேலையைச் சொல்லிக்கொடுத்துவிட வேண்டும்.