முட்டியில் நிற்காத பிளாஸ்திரி

பள்ளிக்கூடம் விட்டு வரும் பையன் முட்டியைச் சிராய்த்துக்கொண்டு வந்து நிற்கிறான். கழுவித் துடைத்து ஒரு பிளாஸ்திரி ஒட்டி அனுப்புகிறோம். விளையாடிவிட்டு வரும்போது அது ஒரு பக்கம் கழன்று தொங்குகிறது. "மட்டமான சரக்கு!" என்று மருந்துக் கடைக்காரரைத் திட்டுகிறோம்.

பாவம், அவர் மேல் குற்றமில்லை. குற்றம் முட்டியில் இருக்கிறது!

ஒரு சோதனை செய்து பாருங்கள். காலை நீட்டிக்கொண்டு, முழங்கால் சில்லுக்கு மேலே ஒரு புள்ளியும் கீழே ஒரு புள்ளியும், இடையில் நாலு அங்குலம் இருக்கும்படி பேனாவால் வையுங்கள். பிறகு காலை மடக்கி, தையல் டேப்பால் அளந்து பாருங்கள். ஏறக்குறைய ஒரு அங்குலம் கூடியிருக்கும். தோல் அவ்வளவு நீள்கிறது. நீளத் தெரியாத பிளாஸ்திரி என்ன செய்யும்? ஓரத்தில் பிடி விடும். பசை பலமாக இருந்துவிட்டாலோ இன்னும் தொல்லை. தோலை இழுத்துக் கொப்புளம் கிளப்பிவிடும். மூட்டு ஆபரேஷனுக்குப் பிறகு கால் வீங்கும்போது, இறுக்கி ஒட்டிய டேப்பின் அடியில் இப்படிக் கொப்புளம் வருவது டாக்டர்களுக்குப் பழகிய தலைவலி.

தையல்காரர் வேலை

தட்டையான துணியை உருண்டையான இடத்தில் போர்த்தினால் சுருக்கம் விழும். தாராவியில் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்திருக்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்: வெட்ட வேண்டிய இடத்தில் வெட்டி, டாட் பிடித்தால்தான் ரவிக்கை உடம்பில் உட்காரும். காயத்துக்குக் கட்டுப் போடுவதும் அதே தொழில்தான்.

விரல் கணுவுக்கென்று விற்கும் பிளாஸ்திரி ஆங்கில 'எச்' எழுத்தைப் போல இருக்கும். கணுவுக்கு மேலே இரண்டு வால், கீழே இரண்டு வால். சாதாரண பிளாஸ்திரியின் இரு முனைகளையும், நடுவிலுள்ள பஞ்சைத் தொடாமல் நீளவாக்கில் கத்தரித்தால் இதை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். முட்டியில் ஒட்டுவதானால் காலைச் சற்று மடக்கிக்கொண்டு ஒட்ட வேண்டும். நீட்டியபடி ஒட்டினால் மாடிப்படி ஏறும்போதே கழன்றுவிடும். துணிச் சுருள் என்றால் 8 போட்டதுபோல் சுற்ற வேண்டும்: ஒரு சுற்று சில்லுக்கு மேலே, அடுத்தது கீழே, பின்பக்கத்தில் குறுக்கே.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 2018-ல் இதற்கு வேறொரு வழி கண்டார்கள். கிரிகாமி என்ற ஜப்பானியக் காகித வெட்டுக் கலையைப் பார்த்து, மெல்லிய ரப்பர் படலத்தில் வரிசை வரிசையாகக் கீறல் போட்டார்கள். முட்டி மடங்கும்போது கீறல்கள் வாய் திறந்து இடம் கொடுக்கின்றன. நூறு தடவை மடக்கியும் படலம் கழலவில்லை.

தீப்புண் என்றால்...

சிராய்ப்புக்குக் கட்டுக் கழன்றால் மறுபடி ஒட்டிக்கொள்ளலாம். தீப்புண்ணில் அப்படி அல்ல.

ஸ்டவ் வெடித்துக் கழுத்தும் கையும் வெந்தவருக்குப் புண் ஆறிய பிறகும் தழும்பு மாதக் கணக்கில் சுருங்கிக்கொண்டே இருக்கும். முழங்கையை மடக்கிக் கட்டிவிட்டால் அது மடங்கியபடியே நின்றுவிடக்கூடும். விரல்களைச் சேர்த்துக் கட்டினால் வாத்துக்கால்போல் ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் விரலுக்கு விரல் தனிக் கட்டு. முழங்கை நீட்டியபடி இருக்க வேண்டும். அக்குளில் புண் என்றால் கையை உடம்பிலிருந்து விலக்கி வைக்க வேண்டும்.

இந்தக் கட்டுகளை அவ்வப்போது பிரித்தாக வேண்டும். புண்ணோடு ஒட்டிய துணியை உரித்தால் நோயாளி துடித்துப்போவார். வலிக்குப் பயந்து மூட்டை அசைக்கவே விடமாட்டார். இங்கேதான் நம் மும்பை டாக்டர்கள் சமையலறைப் பக்கம் திரும்பினார்கள். பரேலில் உள்ள வாடியா குழந்தைகள் ஆஸ்பத்திரியின் டாக்டர் கேஸ்வானி, வேகவைத்த உருளைக்கிழங்குத் தோலைக் கட்டாகப் பயன்படுத்திய விவரத்தை 1985-ல் வெளியிட்டார். பிறகு சயான் ஆஸ்பத்திரியின் டாக்டர் மாதுரி கோரே, நாம் சாப்பாடு பரிமாறும் வாழையிலையை எடுத்துக்கொண்டார். 2003-ல் வெளியான அவர்களது ஆய்வில் கிழங்குத் தோலும் வாழையிலையும் குணத்தில் சமமாகவே நின்றன. செலவில் இலை பல மடங்கு மலிவு. வழவழப்பான இலை புண்ணில் ஒட்டுவதில்லை.

இது ஆஸ்பத்திரியில் கிருமி நீக்கிய இலை. தோட்டத்து இலையை அறுத்துப் புண்ணில் வைத்துவிடாதீர்கள். வீட்டில் செய்யக்கூடியது, வெந்த இடத்தை 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுவதும், வீங்குவதற்கு முன்பே வளையல், மோதிரங்களைக் கழற்றிவிடுவதும்தான். பிறகு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

இன்னொரு விஷயம். கழுத்து வெந்தவர் தலையணை கேட்பார். அதை வைத்தால் தாடை தாழும். அந்த நிலையிலேயே தழும்பு இழுத்து, முகவாய் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டவர்களும் உண்டு. பார்க்கப் போகும் சொந்தக்காரர்கள் மனம் பொறுக்காமல் போர்வையை மடித்துத் தலைக்கு வைத்துவிடுகிறார்கள். நர்ஸம்மா வந்து அதை உருவி எடுத்தால் தயவுசெய்து சண்டைக்குப் போகாதீர்கள்.