கேளாமலே வெளுக்கும் முகம்

ஜப்பானில் ‘புரிகுரா’ எனப்படும் ஒளிப்படக் கூண்டை அட்லஸ், சேகா நிறுவனங்கள் 1995-இல் அறிமுகப்படுத்தின. தோழியர் நெருக்கியடித்து நின்று படமெடுத்து, திரையில் கிறுக்கி, அச்சாகி வரும் ஒட்டுப்படங்களை வெட்டிப் பகிர்ந்துகொள்வார்கள்.

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்ததும் திருப்புட்குழியிலிருந்து நாங்கள் ஐவர் காஞ்சிபுரம் ஸ்டுடியோவுக்குப் பேருந்தேறியதும் இதற்காகத்தான். வண்ணம் தீட்டிய திரைச்சீலை, எல்லோருக்கும் ஒரே சீப்பு, பவுடர் டப்பா, ஆளுக்கொரு பிரதி. எவ்வளவு பூசியும் படத்தில் ஐந்து நிறமாகவே நின்றோம்.

பின்னாளில் வந்த புரிகுராக்களோ கேளாமலே கண்ணைப் பெரிதாக்கி, தோலை வெளுப்பாக்குகின்றன. நம் பிள்ளைகளின் கைப்பேசிக் கேமராக்கள் பலவும் அப்படியே. பவுடரையாவது நாமே பூசிக்கொண்டோம். அந்த வசதியை அணைத்துவைத்தே கைப்பேசியை விற்கட்டும், வேண்டுவோர் இயக்கிக்கொள்ளலாம்.