ஓய்வு யாருக்கு, நடை யாருக்கு?

கர்ப்பம் உறுதியானதும் பல வீடுகளில் முதலில் பிறக்கும் கட்டளை, "அசையாமல் படுத்திரு" என்பதுதான். அக்கறையில் சொல்வதுதான். ஆனால் மருத்துவச் சான்றுகள் அதன் பக்கம் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட உடலியக்க வழிகாட்டுதல், சிக்கல் ஏதும் இல்லாத கர்ப்பிணிகள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமாக உடலை இயக்க வேண்டும் என்கிறது. வாரத்தில் ஐந்து நாள், அரை மணி நேரம் சற்று வேகமாக நடந்தாலே அது நிறைவேறிவிடும். நம்மிடம் ஓய்வும் உழைப்பும் இடம் மாறிக் கிடக்கின்றன. நடக்க வேண்டியவரைக் கட்டிலில் கிடத்துகிறோம்; ஓய்வெடுக்க வேண்டியவரை வெயிலில் நிறுத்துகிறோம்.

சர்க்கரையும் தசையும்

நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் தாயின் உடலில் இன்சுலினின் வேலையை மந்தமாக்குகின்றன. குழந்தைக்குத் தடையின்றிச் சத்து போய்ச் சேர உடல் செய்துகொள்ளும் ஏற்பாடு அது. கணையம் கூடுதலாகச் சுரந்து ஈடுகொடுத்தால் தொல்லையில்லை. முடியாதபோது கர்ப்பகால நீரிழிவு வருகிறது. மருத்துவர் வி. சேஷய்யா குழுவினர் தமிழ்நாட்டில் நடத்தி 2008இல் வெளியிட்ட ஆய்வில், நகரத்துக் கர்ப்பிணிகளில் 17.8 சதவீதம் பேருக்கும், சிறுநகரப் பகுதிகளில் 13.8 சதவீதம் பேருக்கும், கிராமங்களில் 9.9 சதவீதம் பேருக்கும் அது இருந்தது. இந்த வேறுபாட்டை உடலுழைப்பின் கணக்கில் மட்டும் எழுதிவிட முடியாது. உணவு, எடை, வயது, பரம்பரை எல்லாம் சேர்ந்திருக்கும். ஆனாலும் அசைவுக்கு அதில் பங்குண்டு என்று கருத உடலியலில் காரணம் இருக்கிறது. இயங்கும் தசை, இன்சுலினை அவ்வளவாக எதிர்பார்க்காமலே ரத்தத்திலிருந்து குளுக்கோஸை எடுத்துக்கொள்ளும். சாப்பிட்டபின் சிறிது நேரம் நடக்கச் சொல்வது இதனால்தான். கனடா ஆய்வாளர்கள் பல சோதனைகளைத் தொகுத்து 2018இல் வெளியிட்ட முடிவில், உடற்பயிற்சி செய்த கர்ப்பிணிகளிடம் கர்ப்பகால நீரிழிவு, முன்சூல்வலிப்பு எனப்படும் ஆபத்தான ரத்த அழுத்தச் சிக்கல் இரண்டுக்கும் உள்ள வாய்ப்பு ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்திருந்தது.

"கரு கலைந்துவிட்டால்?"

இந்தப் பயத்தைத் தள்ளிவிட்டுப் பேசக் கூடாது. குழந்தையை இழந்த குடும்பங்களில் அது ஆழமாகவே இருக்கும். ஆனால் முதல் மூன்று மாதங்களில் நேரும் கருச்சிதைவுகளில் சுமார் பாதிக்குக் காரணம் கருவின் குரோமோசோம் கோளாறு. கட்டிலில் கிடப்பதால் அது மாறாது. மிதமான உடற்பயிற்சி கருச்சிதைவைக் கூட்டியதாகத் தொகுப்பாய்வுகளும் காட்டவில்லை. மாறாக, கர்ப்பத்தில் ரத்தம் உறையும் ஆபத்து ஏற்கெனவே நான்கைந்து மடங்கு அதிகம். நாள் முழுக்கப் படுத்திருப்பது அதைக் கூட்டும், தசையையும் எலும்பையும் தளர்த்தும். கருப்பை வாய் பலவீனம், தொடரும் ரத்தப்போக்கு, பிந்தைய மாதங்களிலும் கீழிறங்கியிருக்கும் நஞ்சுக்கொடி, பனிக்குடம் உடைதல், முன்சூல்வலிப்பு, கடும் ரத்தசோகை ஆகியவை உள்ளவர்கள் உடற்பயிற்சி செய்யக் கூடாது. அவர்கள் மருத்துவர் சொன்னபடி நடந்துகொள்ள வேண்டும். அந்த விலக்கைப் பொதுவிதியாக்குவதுதான் தவறு.

நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியாத அளவு மூச்சு வாங்கலாம். வேகத்துக்கு அந்த அளவு போதும். ரத்தமோ நீரோ கசிந்தால், தலை சுற்றினால், நெஞ்சு வலித்தால், கெண்டைக்கால் வலியோடு வீங்கினால், விட்டுவிட்டு வயிறு இறுகி வலித்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வீட்டு வேலை போதாதா?

ஓரளவுக்கு உதவும். ஆனால் அடுப்படியில் மணிக்கணக்காக நிற்பது காலையும் இடுப்பையும் நோகவைக்குமே தவிர, இதயத் துடிப்பை நடையளவுக்கு உயர்த்தாது. குனிந்து தரை துடைத்தால் சுகப்பிரசவம் நிச்சயம் என்ற வாக்குறுதியை நான் ஏற்கமாட்டேன். பயிற்சி உடலைத் தயார்படுத்தும். ஆனால் குழந்தையின் நிலை, இடுப்பெலும்பின் அமைப்பு, நஞ்சுக்கொடியின் இடம் ஆகியவை தாயின் முயற்சிக்குள் அடங்காதவை. சிசேரியன் ஆனவளை "நீ வேலை செய்யவில்லை" என்று குற்றம் சொல்வது அநியாயம்.

வெயிலில் நிற்பவர்கள்

"அந்தக் காலத்தில் நாற்று நட்டுக்கொண்டே பிள்ளை பெற்றார்களே" என்பது எதிர்ப்பக்கத்து வாதம். உழைப்பும் உடற்பயிற்சியும் ஒன்றல்ல. நடப்பவள் நினைத்த இடத்தில் உட்காரலாம், தண்ணீர் குடிக்கலாம். கூலிக்காரிக்கு அந்த உரிமை இல்லை. சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர்கள் தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளை ஆராய்ந்து 2024இல் வெளியிட்ட கட்டுரையில், கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவும் குழந்தை இறந்து பிறப்பதும் நேரும் ஆபத்து சுமார் இரு மடங்கு என்று தெரியவந்தது. நாற்றங்காலிலும் செங்கல் சூளையிலும் உள்ள பெண்ணுக்கு நடைப்பயிற்சி அறிவுரை தேவையில்லை. நிழலும் தண்ணீரும் கூலி குறையாத இடைவேளையும்தான் தேவை. 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம், பிரசவத்துக்கு முந்தைய ஆறு வாரங்களுக்கும் முன்னதான ஒரு மாதத்தில், பெண் கேட்டுக்கொண்டால் கடின வேலையும் நெடுநேரம் நிற்கும் வேலையும் தரக் கூடாது என்றது. அந்தப் பாதுகாப்பு தினக்கூலிப் பெண்களில் பெரும்பாலோரை இன்னும் எட்டவில்லை. கோடையில் அவர்களின் வேலை நேரத்தை விடிகாலைக்கு மாற்றவும், ஆறாம் மாதத்துக்கு மேல் இலகுவான வேலை தரவும் மேஸ்திரிகளையும் பண்ணையாளர்களையும் கட்டாயப்படுத்துவது அரசின் கடமை.